பாராசூட் எரிந்துவிட்டது... 18,000 அடியிலிருந்து குதித்தார்! - 55,573 பேரை இழந்த 'பாம்பர் கமாண்ட்' கதை

1944-ம் ஆண்டு, மார்ச் 24-ம் தேதி இரவு. ஜெர்மனியின் தலைநகர் பெர்லின் மீது குண்டு வீசிவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு லங்காஸ்டர் விமானம். அதன் வால் முனையில், கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் துப்பாக்கிகளுடன் உட்கார்ந்திருந்தார் நிக்கோலஸ் அல்க்கமேட். வயது 21.

திடீரென்று இருட்டிலிருந்து பாய்ந்துவந்து சுட்டது ஒரு ஜெர்மன் விமானம். லங்காஸ்டர் தீப்பிடித்தது. எல்லோரும் குதித்துவிடும்படி விமானியிடமிருந்து உத்தரவு வந்தது.

வால் கூண்டில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருக்கும். பாராசூட்டைக் கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடல் பகுதியில்தான் மாட்டி வைத்திருப்பார்கள். அதை எடுக்கக் கதவைத் திறந்தார் அல்க்கமேட். உள்ளே ஒரே நெருப்பு. அவருடைய பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயே இருந்தால் உயிரோடு எரிய வேண்டும். குதித்தால் தரையில் மோதிச் சாக வேண்டும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 18,000 அடி உயரத்திலிருந்து, வெறும் உடம்போடு குதித்தார். விழும்போதே நினைவு தப்பிவிட்டது.

கண் விழித்தபோது பனியில் கிடந்தார். பைன் மரங்களின் கிளைகள் அவரைத் தாங்கித் தாங்கிக் கீழே இறக்கியிருந்தன. தரையில் கிடந்த பனி, மீதி வேகத்தை வாங்கிக்கொண்டது. காலில் சுளுக்கு, சில தீக்காயங்கள், சிராய்ப்புகள். எலும்பு எதுவும் உடையவில்லை!

பிடித்துச் சென்ற ஜெர்மானியர்கள் அவர் சொன்னதை நம்பவில்லை. பாராசூட்டை எங்கோ புதைத்துவிட்டு வந்த உளவாளி என்றே சந்தேகப்பட்டார்கள். விழுந்து நொறுங்கிய விமானத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான், கருகிய பாராசூட்டின் மிச்சம் கிடைத்தது. அவர் சொன்னது உண்மை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். போர் முடியும்வரை கைதியாக இருந்த அல்க்கமேட், அதன் பிறகு 40 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து 1987-ல் இறந்தார்.

இந்த அதிசயத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால், அந்த விமானத்தில் இருந்தவர்கள் மொத்தம் 7 பேர். அவர்களில் 4 பேர் அன்றிரவே இறந்துபோனார்கள். அவர்களைப் போல இறந்தவர்கள் 55,573 பேர். அந்தப் படையின் பெயர், 'பாம்பர் கமாண்ட்.'

யார் இவர்கள்?

பிரிட்டன் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவுதான் பாம்பர் கமாண்ட். இரண்டாம் உலகப் போரில் இதன் விமானங்களில் ஏறியவர்கள் சுமார் 1,25,000 பேர். பிரிட்டிஷ்காரர்கள் மட்டுமல்ல... கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, ஜமைக்கா என்று பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். விமானத்தில் பறந்த அத்தனை பேரும் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலானோருக்கு 20-ஐ ஒட்டிய வயது. போர் மட்டும் வரவில்லை என்றால் கல்லூரியிலோ, ஏதாவது ஓர் அலுவலகத்திலோ, பட்டறையிலோ இருந்திருப்பார்கள்.

லங்காஸ்டரில் ஏழு பேருக்கும் ஏழு வேலை. ஒருவர் விமானி. இன்ஜினையும் எரிபொருளையும் கவனிப்பவர் ஒருவர். வழி சொல்பவர் ஒருவர். வயர்லெஸ் கருவியைக் கவனிப்பவர் ஒருவர். குப்புறப் படுத்துக்கொண்டு, குறி பார்த்துக் குண்டுகளை விடுபவர் ஒருவர். முதுகில் ஒருவர், வாலில் ஒருவர் எனத் துப்பாக்கி பிடிப்பவர்கள் இருவர்.

இவர்களில் மிகவும் தனிமையானவர் வால் துப்பாக்கிக்காரர்தான். மற்ற ஆறு பேரும் அவருக்கு முன்னால், தள்ளி இருப்பார்கள். இவர் மட்டும் தன்னந்தனியாக, போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருட்டையே பார்த்தபடி எட்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர் மைனஸ் 40 டிகிரி வரை போகும். மின்சாரத்தில் சூடேறும் உடை கொடுத்திருந்தார்கள். அது பழுதானால் விரல்கள் விறைத்துவிடும்.

ஐந்து மைலுக்குள்கூட விழாத குண்டுகள்

இவர்கள் ஏன் இரவில் போனார்கள்? ஏன் ஊர்கள் மீது குண்டு போட்டார்கள்? அதற்குப் பின்னால் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது.

குண்டுவீச்சை முதலில் தொடங்கியது ஹிட்லரின் ஜெர்மனிதான். 1939-ல் வார்சா, 1940-ல் ராட்டர்டாம், அதன் பிறகு லண்டன். 1940 செப்டம்பர் 7-ம் தேதி தொடங்கி 57 நாள்கள், ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் லண்டன் மீது குண்டுகள் விழுந்தன. நவம்பரில் கவென்ட்ரி நகரின் பழைமையான தேவாலயம் சுவர்கள் மட்டும் மிஞ்ச எரிந்துபோனது. பிரான்ஸ் தோற்றுவிட்ட நிலையில், ஜெர்மனியின் உள்ளே போய் அடிக்க பிரிட்டனிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் இந்தக் குண்டுவீச்சு விமானங்கள்தான்.

தொடக்கத்தில் தொழிற்சாலை, ரயில்வே யார்டு எனக் குறிப்பிட்ட இடங்களைத்தான் குறிவைத்தார்கள். பகலில் போனால் ஜெர்மன் விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. அதனால் இரவுக்கு மாறினார்கள். இரவில் என்ன நடந்தது?

1941-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பட் என்ற அரசு அதிகாரி 600-க்கும் மேற்பட்ட புகைப்படங்களை வைத்து ஓர் அறிக்கை கொடுத்தார். இலக்கைத் தாக்கிவிட்டதாகச் சொன்ன விமானங்களிலேயே மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் குண்டு போட்டிருந்தது. தொழிற்சாலைப் புகை மூடியிருக்கும் ரூர் பகுதியில் பத்தில் ஒன்றுதான்!

அதாவது, வயல்காட்டில் குண்டு போடுவதற்காகப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தொழிற்சாலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால், ஒரு நகரத்தைக் கண்டுபிடிக்க முடியும். 1942 பிப்ரவரியில் கொள்கை மாறியது. இனி நகரங்களே இலக்கு. தொழிலாளர்களின் வீடுகள் அழிந்தால் உற்பத்தி நிற்கும், மக்களின் மன உறுதி குலையும் என்பது கணக்கு. இந்த முடிவு எடுக்கப்பட்ட சில நாள்களில் படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ஆர்தர் ஹாரிஸ். அந்தக் கொள்கையை அவர் உருவாக்கவில்லை. ஆனால், கடைசிவரை அதைத் தளராமல் நிறைவேற்றியவர் அவர்தான்.

அதே ஆண்டு மே 30-ம் தேதி இரவு, பயிற்சி விமானங்களையும் சேர்த்து 1,047 விமானங்களைத் திரட்டி கொலோன் நகரத்துக்கு அனுப்பினார் ஹாரிஸ். ஆயிரம் விமானங்கள் ஒரே இரவில் ஒரே நகரத்தைத் தாக்கியது உலகத்துக்கே புதிது.

முட்டையும் காலிக் கட்டிலும்

தாக்குதலுக்குப் போகும் வீரர்களுக்கு முட்டையும் பன்றி இறைச்சியும் கொடுப்பார்கள். முட்டைக்கு ரேஷன் இருந்த காலத்தில் அது பெரிய விருந்து. சாப்பிடும்போதே, 'நீ திரும்பி வரலைன்னா உன்னோட முட்டையை நான் எடுத்துக்கலாமா?' என்கிற ரீதியில் கிண்டல் நடக்கும். பயத்தை மறைக்க அவர்களுக்கு இருந்த ஒரே வழி அந்தச் சிரிப்புதான்.

ஒருவர் கழுத்தில் காதலியின் ஸ்கார்ஃப் இருக்கும். இன்னொருவர் சட்டைப்பையில் குட்டிக் கரடி பொம்மை இருக்கும். அதை மறந்துவிட்டால், புறப்படவிருந்த விமானத்திலிருந்து இறங்கி ஓடிப்போய் எடுத்துவருவார்கள்.

விடிந்த பிறகு, தங்குமிடத்தில் சில கட்டில்கள் காலியாகக் கிடக்கும். அதற்கென்று இருக்கும் ஆட்கள் வந்து, திரும்பாதவர்களின் பொருள்களைப் பிரித்தெடுப்பார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டியவை ஒரு பக்கம், அரசுக்குச் சொந்தமானவை ஒரு பக்கம். வீட்டில் இருப்பவர்கள் மனம் புண்படக்கூடிய கடிதங்கள் ஏதாவது இருந்தால் அவற்றை எடுத்துவிடுவார்கள். எங்கோ ஒரு தெருவில், ஒரு வீட்டுக் கதவைத் தந்திக்காரர் தட்டுவார். அன்று மாலையோ, மறுநாளோ அந்தக் கட்டிலுக்குப் புதிய பையன் ஒருவன் வந்துவிடுவான்.

ஒருவர் 30 தாக்குதல்களை முடித்தால் அவருக்கு ஓய்வு. முப்பதுதானே என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தாக்குதலிலும் 100 விமானங்களில் 4 மட்டும் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால், 30 முறை அப்படிப் போனால், 100 பேரில் கடைசியில் மிஞ்சுவது சுமார் 29 பேர்தான். பல மாதங்களில் இழப்பு இந்த அளவையும் தாண்டியது.

அல்க்கமேட் குதித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் நகரத்துக்கு 795 விமானங்கள் கிளம்பின. நிலா வெளிச்சம். மேகம் மறைக்கும் என்ற கணிப்பு பொய்த்துப்போனது. விமானங்கள் விட்டுச்சென்ற வெள்ளைப் புகைக்கோடுகளே எதிரிக்கு வழிகாட்டின. அந்த ஒரே இரவில் 95 விமானங்கள் திரும்பவில்லை. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, 'என்னால் இனி முடியாது' என்று ஒருவர் சொன்னால்? இன்று மருத்துவர்கள் அதை மன அழுத்தம் என்பார்கள். அன்று அவரைப் பற்றிய ஆவணங்களில் 'மன உறுதி இல்லாதவர்' என்று முத்திரை குத்தினார்கள். பதவியைப் பறித்து, சட்டையில் இருந்த இறக்கைச் சின்னத்தையும் பறித்து, சக வீரர்களைப் பார்க்கவிடாமல் அனுப்பினார்கள். இருபது தாக்குதல்களுக்குப் போய்வந்தவருக்கும் இதே கதிதான். சாவைவிட இந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் மறுபடி மறுபடி விமானம் ஏறினார்கள்.

கீழே என்ன நடந்தது?

மேலே இருந்தவர்களின் கதை இது. குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களின் கதையையும் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கதைதான்.

1943-ம் ஆண்டு ஜூலை மாதம், ஹாம்பர்க். ஜிகினாத் தாள் போன்ற லட்சக்கணக்கான உலோகத் துண்டுகளை வானத்தில் தூவினார்கள். ஜெர்மன் ராடார் திரை முழுக்க வெறும் புள்ளிகள். எது விமானம், எது தாள் என்று தெரியாமல் பாதுகாப்பு திணறியது. ஜூலை 27-ம் தேதி இரவு விழுந்த தீக்குண்டுகள், வெயிலில் காய்ந்திருந்த நகரத்தில் பல இடங்களில் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. தனித்தனி நெருப்புகள் ஒன்றாகச் சேர்ந்து, சுற்றிலும் இருந்த காற்றை உறிஞ்சத் தொடங்கின. புயல் வேகத்தில் காற்று நெருப்பை நோக்கி ஓடியது. தெருவில் ஓடியவர்களை அந்தக் காற்றே இழுத்துக்கொண்டது. பதுங்கு அறைகளில் இருந்தவர்கள் மூச்சுவிடக் காற்று இல்லாமல் உட்கார்ந்த இடத்திலேயே இறந்தார்கள். அந்தச் சில நாள்களில் ஹாம்பர்க்கில் மாண்டவர்கள் ஏறத்தாழ 40,000 பேர்.

1945 பிப்ரவரி 13. போர் முடியும் தறுவாயில் டிரெஸ்டன் நகரம் அதே போல எரிந்தது. கிழக்கிலிருந்து ரஷ்யப் படைக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளால் நகரம் நிரம்பியிருந்தது. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்களும் வந்தன. பலி எண்ணிக்கையை லட்சக்கணக்கில் சொல்லி நாஜிகள் பிரசாரம் செய்தார்கள். பல ஆண்டுகள் ஆய்வு செய்த வரலாற்றாசிரியர்கள் குழு, 2010-ல் அதிகபட்சம் 25,000 பேர் என்று முடிவு சொன்னது. அதுவும் சிறிய எண் அல்ல.

அதே டிரெஸ்டனில் விக்டர் கிளெம்பெரர் என்ற யூதப் பேராசிரியர் இருந்தார். மனைவி யூதர் அல்ல என்பதால் அதுவரை அவரை வதைமுகாமுக்கு அனுப்பவில்லை. நகரத்தில் மிச்சமிருந்த யூதர்களில் பலரும் மூன்று நாள்களில் கிளம்ப வேண்டும் என்ற உத்தரவுக் கடிதங்களை அன்று காலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. போனால் திரும்ப முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை தன்னுடைய பெயர்தான் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். அன்றிரவு குண்டுகள் விழுந்தன. பற்றியெரியும் நகரத்தின் நடுவே, சட்டையில் தைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைப் பிய்த்தெறிந்துவிட்டு மனைவியோடு தப்பினார் அவர்.

25,000 பேரைக் கொன்ற அதே குண்டுகள் ஒருவரைக் காப்பாற்றின. இதை எந்தத் தராசில் வைத்து நிறுக்க முடியும்?

நேச நாடுகளின் குண்டுவீச்சில் ஜெர்மனியில் இறந்த பொதுமக்கள் மூன்றரை லட்சம் முதல் ஆறு லட்சம் வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். இதனால் போர் சீக்கிரம் முடிந்ததா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. தன் ஊர்களைக் காக்க ஜெர்மனி ஆயிரக்கணக்கான பீரங்கிகளையும் லட்சக்கணக்கான ஆட்களையும் ஒதுக்க வேண்டியிருந்தது. அவையெல்லாம் போர்முனைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தரப்பு கேட்கிறது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் என்ன குற்றம் செய்தார்கள் என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. இரண்டும் நியாயமான கேள்விகள்.

கைகழுவிய நாடு

போர் முடியும் முன்பே பிரிட்டனுக்கு உறுத்தத் தொடங்கியது. 1945 மார்ச் 28-ம் தேதி பிரதமர் சர்ச்சில், ஜெர்மன் நகரங்கள் மீதான குண்டுவீச்சை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தளபதிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். டிரெஸ்டனின் அழிவு பெரிய கேள்வியை எழுப்புகிறது என்றும் அதில் சொல்லியிருந்தார். தளபதிகள் எதிர்ப்புக் காட்டியதும், குறிப்பைத் திரும்பப் பெற்று வார்த்தைகளை மென்மையாக்கினார். அத்தனை ஆண்டுகள் அந்தக் குண்டுவீச்சை ஆதரித்ததும் அவருடைய அரசுதான்.

பாம்பர் கமாண்ட் வீரர்களுக்கெனத் தனிப் பதக்கம் எதுவும் தரப்படவில்லை. ஹாரிஸ் மனம் நொந்துபோனார். 1992-ல் லண்டனில் அவருக்குச் சிலை வைத்தபோது, எதிர்ப்பாளர்கள் அதன் மீது சிவப்புச் சாயம் ஊற்றினார்கள்.

முடிவெடுத்தவர்கள் மேல் இருந்த கோபம், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த பையன்கள் மேலும் விழுந்தது. உயிரோடு திரும்பியவர்களில் பலர் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. 'போரில் என்ன செய்தீர்கள் தாத்தா?' என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

போர் முடிந்து 67 ஆண்டுகள் கழித்து, 2012 ஜூன் 28-ம் தேதிதான் லண்டன் கிரீன் பார்க்கில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் ராணி எலிசபெத். தாக்குதல் முடிந்து அப்போதுதான் தரையிறங்கிய ஏழு வீரர்கள் வெண்கலத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே கூரை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அந்தக் கூரைக்குப் பயன்பட்ட அலுமினியத்தில், 1944-ல் பெல்ஜியத்தில் விழுந்த ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் உலோகமும் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்த விமானத்தைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தபோது, மூன்று வீரர்களின் உடல்கள் அவரவர் இருக்கையிலேயே இருந்தன.

1939 முதல் 1945 வரை குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூர்வதாக அந்தச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். எல்லா நாட்டு மக்களும் என்றால், ஜெர்மானியர்களும்தான்.

அடுத்த ஆண்டு, 2013-ல் பதக்கப் பட்டையில் பொருத்திக்கொள்ள ஒரு சின்ன உலோகப் பட்டயம் கொடுத்தார்கள். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

குண்டுக்குப் பதில் உணவு மூட்டை

அந்த வீரர்களில் பலர் தயங்காமல் பேசிய நினைவு ஒன்று உண்டு. 1945 ஏப்ரல் மாதக் கடைசி. ஜெர்மானியர்கள் பிடித்துவைத்திருந்த நெதர்லாந்துப் பகுதியில் கொடும் பஞ்சம். மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 29-ம் தேதி லங்காஸ்டர்கள் கிளம்பின. இம்முறை வயிற்றில் குண்டுகள் இல்லை. மாவு, முட்டைப் பொடி, சாக்லேட் அடங்கிய மூட்டைகள். பாராசூட் கட்டாமல் போட வேண்டும் என்பதால் சில நூறு அடி உயரத்தில் பறந்தார்கள். ஜெர்மன் பீரங்கிகள் அவர்களைப் பார்த்துத் திரும்பின, ஆனால் பெரும்பாலும் சுடவில்லை. மொட்டை மாடிகளிலும் தெருக்களிலும் மக்கள் துணிகளை வீசி ஆர்ப்பரித்தார்கள். பத்து நாள்களில் அந்தப் படை போட்ட உணவு 6,000 டன்னுக்கும் மேல். ஓர் இடத்தில் டியூலிப் பூக்களையே வரிசையாக அடுக்கி, வானத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக 'நன்றி' எழுதியிருந்தார்கள்.

அதே விமானங்கள், அதே கைகள். சுமந்துபோனது மட்டும்தான் வேறு.

ஒரு மகன் செய்த சிலுவை

டிரெஸ்டனின் அடையாளம், ஃப்ராவன்கிர்ஷே என்ற பிரமாண்டமான தேவாலயம். குண்டுவீச்சின் வெப்பத்தில் இரண்டு நாள் தாக்குப்பிடித்து, பிறகு இடிந்து விழுந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த இடிபாடு கற்குவியலாகவே கிடந்தது. 1990-களில் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். கருகிய பழைய கற்களையும் தேடி எடுத்து, இயன்றவரை பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். இன்றும் வெளிர்நிறச் சுவரில் அந்தக் கறுப்புக் கற்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கோபுர உச்சியில் வைக்கத் தங்கமுலாம் பூசிய சிலுவை வேண்டியிருந்தது. பிரிட்டன் மக்கள் பணம் திரட்டி அதைச் செய்து கொடுத்தார்கள். அந்தச் சிலுவையைச் செய்தவர்களில் முக்கியமானவர் லண்டனைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் மீது பறந்த விமானிகளில் ஒருவர், அவருடைய அப்பா.

2005 அக்டோபர் 30-ம் தேதி தேவாலயம் மறுபடி திறக்கப்பட்டது. அப்பா குண்டு வீசிய ஊரின் வானத்தில், மகன் செய்த சிலுவை இன்றும் நிற்கிறது.